திர்சா: அஞ்சு அக்கா தங்கச்சிகளில் ஒருத்தியோட பேர்

இன்னிக்கு அதிகம் கேள்விப்படாத ஒரு ஹீப்ரு பேரைப் பத்திப் பேசலாம். திர்சா.

பேபி நேம் ஆப்ல தேடினா "இனிமையானவள், பிடித்தமானவள்"னு ஒரு வரி வரும். தப்பில்லை, ஆனா பாதிதான். ஹீப்ருல பெரும்பாலான சொற்கள் மூணு மெய்யெழுத்து வேர்ல இருந்து கிளைக்கும். திர்சாவோட வேர்ல இருந்துதான் 'ராட்சோன்' வருது, விருப்பம்னு அர்த்தம். இன்னிக்கு டெல் அவிவ்ல ஒரு பொண்ணு "எனக்குக் காபி வேணும்"னு சொல்ல "அனி ரோட்சா"ன்னுதான் ஆரம்பிப்பா. அதே வேர். மத்தவங்களுக்குப் பிடிச்சவள்ங்கிறது ஒரு பக்கம், "எனக்கு வேணும்"ங்கிறது இன்னொரு பக்கம்.

பைபிள்ல இந்தப் பேர் வர்ற கதையும் "வேணும்"னு கேட்ட கதைதான். எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம். ஆண்களைக் கணக்கெடுத்து, அதை வச்சு நிலம் பிரிக்கப் போறாங்க. மனாசே கோத்திரத்துல செலொப்பியாத்னு ஒருத்தர் மகன் இல்லாமலே இறந்துட்டார், அஞ்சு பொண்ணுங்க மட்டும்தான். கோட் எழுதுறவங்களுக்குப் புரியும், இது அப்பட்டமான எட்ஜ் கேஸ். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் (தமிழ் பைபிள்ல கடைசில ஒரு 'ள்' சேர்ந்துக்கும்) அஞ்சு பேரும் மோசே முன்னாடி, மொத்த சபை முன்னாடி போய் நிக்கிறாங்க. மகன் இல்லைங்கிறதுக்காக எங்க அப்பா பேர் ஏன் அழியணும், எங்களுக்கு நிலம் கொடுங்கன்னு கேக்குறாங்க. மோசேகிட்ட பதில் இல்ல, கடவுள்கிட்ட கேக்குறார். அவங்க சொல்றது சரின்னு தீர்ப்பு வருது. மகன் இல்லாட்டி மகளுக்குச் சொத்துன்னு சட்டமே மாறுது.

உடனே இதைப் பெண் உரிமைன்னு கொண்டாடிட முடியாது. மகன் இருந்தா மகளுக்குப் பங்கு இல்லைங்கிறது அப்படியேதான் இருக்கு. 36-ஆம் அதிகாரத்துல கோத்திரத்துப் பெரியவங்க வந்து, இவங்க வெளியில கல்யாணம் பண்ணா நிலமும் வெளியில போயிடுமேன்னு கேக்க, சொந்தக் கோத்திரத்துக்குள்ளதான் கட்டணும்னு ஒரு நிபந்தனை சேருது. அஞ்சு பேரும் சித்தப்பா, பெரியப்பா பசங்களையே கட்டிக்கிறாங்க. நிலம் கைக்கு வர்றது மோசே காலத்துக்கு அப்புறம், யோசுவாகிட்ட மறுபடி போய் ஞாபகப்படுத்தின பிறகுதான். ஃபாலோ-அப் அப்பவும் தேவைப்பட்டிருக்கு!

எனக்குப் பிடிச்ச ஒரு சின்ன விஷயம்: 27-ல கடைசியா இருந்த திர்சா, 36-ல ரெண்டாவதா வர்றா. அஞ்சு பேரும் சமம்னு காட்டத்தான் வரிசை மாறுதுன்னு 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி எழுதியிருக்கார்.

மண்ணுலயும் இந்தப் பேர்கள் இருக்கு. 1910-ல சமாரியாவுல கிடைச்ச, மையால எழுதின பானை ஓடுகள்ல நோவா, ஒக்லாங்கிறது ஊர்ப் பகுதிகளோட பேரா வருது. திர்சா ஒரு நகரமாவே இருந்தது, வட இஸ்ரேல் ராஜ்ஜியத்தோட தலைநகர். உம்ரி ராஜா சமாரியாவுக்கு மாத்துற வரைக்கும். நாப்லூஸ் பக்கத்துல இருக்கிற தெல் எல்-ஃபாராங்கிற மேடுதான் அந்த இடம்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க.

பேர் வைக்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு: ஹீப்ருல 'திர்-ட்சா'. பீட்சாவுல வர்ற அதே 'ட்சா'.