நான்காவது வால்வு

மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்துறங்கும். இப்படி நெருக்கியடித்து வாழும் இடங்களில் குழந்தைகளின் தொண்டைப்புண் சீக்கிரம் பரவும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் சிலருக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாகி, இதய வால்வுகளைச் சிதைத்துவிடும். முப்பது வயதிலேயே கொழுந்துக் கூடையோடு மேடேற முடியாமல் மூச்சிரைக்கும். வால்வு ரொம்பவும் கெட்டுப்போனால் செயற்கை வால்வு வைத்தாக வேண்டும். 1970களில் அது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. விலையோ ஏழைக்கு எட்டாதது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், அதை நாமே செய்வோம் என்று முடிவெடுத்தார். வடிவமைப்பில் முன்னின்றவர் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர்.

பார்வைக்கு எளிய பொருள்தான். ஒரு உலோகக் கூண்டு, அதற்குள் சாய்ந்து திறக்கும் வட்டத் தட்டு, இதயத்தோடு சேர்த்துத் தைக்கப் பாலியெஸ்டர் துணி வளையம். ரத்தம் முன்னே பாய்ந்தால் தட்டு சாய்ந்து வழிவிடும், பின்வாங்கினால் மூடிக்கொள்ளும். பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி தடவை திறந்து மூட வேண்டும். ஒரு தடவை தவறினாலும் உயிர் போகலாம்.

அதனால் பொறியாளருக்கு முதல் வேலை, வால்வை ஆய்வுக்கூடத்திலேயே உடைத்துப் பார்ப்பது. முதல் வடிவத்தில் வெல்டிங் செய்த தாங்கி முறிந்தது. அடுத்ததில் டைட்டானியக் கூண்டுக்குள் செயற்கை நீலக்கல் தட்டை வைத்தார்கள். கல் தேயவில்லை, கூண்டைத் தேய்த்துவிட்டது. மூன்றாவதில் கூண்டை இன்னும் கடினமான கோபால்ட் கலப்பு உலோகத்துக்கு மாற்றினார்கள். அதைப் பொருத்திய ஓர் ஆட்டுக்குள் நீலக்கல்லே உடைந்தது, ஆடு இறந்தது.

அதன்பிறகு எடுத்த முடிவுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பெரிதாகப் படுகிறது. இன்னும் கடினமான பொருளைத் தேடி ஓடாமல், தட்டை மென்மையாக்கினார்கள். செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்குப் பயன்படும் உயர்வகைப் பாலிஎத்திலீன், கடினமான கூண்டுக்குள் வந்தது. கூண்டையும் ஒட்டுப்போடாமல் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தார்கள். வேகமாக ஓடும் சோதனைக் கருவியில் 35 கோடி தடவைக்கு மேல் திறந்து மூடியும் இந்த நான்காவது வால்வு தாக்குப்பிடித்தது. மூடும் சத்தமும் குறைவு. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் ஒன்று செய்வது வேறு, ஆலையில் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்வது வேறு. சென்னையின் டிடிகே குழுமம் அதைக் கையிலெடுத்தது. 1995 முதல் டிடிகே சித்ரா என்ற பெயரில் வால்வு விற்பனைக்கு வந்தது. இங்கே பொறியாளரின் நாள் அளவெடுப்பதிலும், தூசில்லா அறையைக் காப்பதிலும், எந்த உலோகக் கட்டியிலிருந்து எந்த வால்வு வந்தது என்று பதிவேட்டில் குறிப்பதிலும் கழியும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனாலும் நோயாளியின் நெஞ்சுக்குள் போகிற பொருளுக்கு அந்தப் பதிவேடு உலோகத்தைப் போலவே முக்கியம்.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. எந்த உலோக வால்விலும் ரத்தம் உறையலாம். அதனால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை; அதன் அளவைச் சரிபார்க்க, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி. மறையூரிலோ அட்டப்பாடியிலோ இருப்பவருக்கு ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒருநாள் கூலி போய்விடும். விரல்நுனி ரத்தத்திலேயே ஐஎன்ஆர் காட்டும் சிறு கருவிகள் இருக்கின்றன. வால்வைக் குறைந்த விலையில் செய்து காட்டிய நாட்டில், அந்தக் கருவியும் மலையோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர வேண்டும்.