மரம் தரும் மணம்

பாலையூற்றுத் தமிழாசிரியனாகிய யான் விஸ்கியைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் வினவலாம். மூங்கிலில் முதிர்ந்த தேன்தேறலைத் திருமுருகாற்றுப்படையே கூறுகின்றது. தேறல் எனில் தெளிந்தது.

ஸ்கொத்லாந்தின் ஒற்றை மோல்ட் விஸ்கி, முளைகட்டிய வாற்கோதுமையினின்று ஒரே வடிசாலையில் வடிக்கப்பெற்று, ஓக் மரப் பீப்பாயில் 3 ஆண்டுகளேனும் முதிர்வது. நம் தென்னஞ்சாராயமோ சாவண்டலை மரத் தொட்டியில் முதிரும். அம்மரத்தை ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றனர். மணத்திற் பெரும்பங்கு மரத்தினதே.

பனிக்கட்டி அம்மணத்தை ஒடுக்கும். ஆதலின் வாய்குவிந்த கிண்ணத்திற் சிறிதே வார்த்து, முகர்ந்து, சில துளி நீர் கலந்து, மெல்லச் சுவைப்பர். நீர் சேரின் மணப்பொருள் மேற்பரப்பை நாடுமென 2017இல் சுவீடன் ஆய்வாளர் இருவர் கணித்துக் காட்டினர்.

வள்ளுவர் கள்ளுண்ணாமை வகுத்தார். விலக்குவோர்க்கு அதுவே அறம். பருகுவோர் அளவையேனும் போற்றுக. அளவு கெட்டபின் மணத்தை அறிவார் யார்?