வண்ணம் காயுமுன் கிளம்பிய கப்பல்

குழாயைத் திருகினார்கள், தண்ணீர் வரவில்லை. அடுத்த அறையில் திருகுவதற்குக் குழாயே இல்லை. நடைவழியில் உடைத்துப் போட்ட பலகையும் சுருட்டி வைத்த கம்பளமும். கூரையிலிருந்து மின்சாரக் கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இரவில் கண் அயரலாம் என்றால் தலைமாட்டில் சுத்தியல் சத்தம்.

ஏதோ நம் ஊர்ச் சத்திரத்தைப் பற்றிச் சொல்லுகிறோம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! இது அட்லாண்டிக் மாகடலில், இங்கிலாந்து அரசியின் பெயரைத் தாங்கி, இங்கிலாந்தின் பெருமை என்று பறைசாற்றப்பட்ட ‘குயீன் எலிசபெத் 2’ என்ற பெருங்கப்பலின் கதை. 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பிய அந்தக் கப்பலில் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கொண்டாட ஏறியவர்கள், கொட்டகை வேலை முடியாத கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்துவிட்ட விருந்தாளிகளைப்போல விழித்தார்கள்.

நடந்தது இதுதான். கப்பலுக்கு வயது இருபத்தைந்து ஆகிவிட்டது. அதை அடியோடு புதுப்பிப்பது என்று குனார்டு கம்பெனி தீர்மானித்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து புளோம் அண்டு ஃபாஸ் கப்பல் பட்டறைக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான குளியலறைகளைப் பெயர்த்து எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். நீச்சல் குளம் இருந்த இடத்தில் உணவுக் கூடம் எழும்ப வேண்டும். நடுக்கூடத்தின் சுவரில் கம்பெனியின் பழம்பெருமையைச் சித்திரமாகத் தீட்ட வேண்டும். சாப்பாட்டு அறைகள், மதுக்கூடம், விரிப்பு, நாற்காலி எல்லாம் மாற வேண்டும். அவ்வளவுக்கும் கொடுத்த அவகாசம் சில வாரங்கள்!

ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கவே நாம் எத்தனை நாள் கேட்கிறோம்? கொத்தனாரைக் கேட்டால் சொல்லுவார்: குளியலறை வேலையில் அவசரம் காட்டினால் கசிவு பின்னால் வரும் என்று. கப்பலிலோ ஒரு குளியலறை இன்னொன்றின் தலைமேல் நிற்கிறது; ஒரு குழாய் பிசகினால் மூன்று தளத்துக்குத் தண்ணீர் இல்லை. இது கம்பெனியின் மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கிறிஸ்துமஸ் பயணத்துக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. கப்பல் கரையில் நின்றால் நாளுக்கு நாள் நட்டம். ஆகவே ‘கிளம்பட்டும், போகிற வழியில் முடித்துக்கொள்ளலாம்’ என்று தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பிவிட்டது. அறை தயாராகாத காரணத்தால் நூற்றுக்கணக்கானவர்களிடம் கடைசி நேரத்தில் ‘உங்களுக்கு இடமில்லை’ என்று சொல்லப்பட்டது. பிறகு நடந்ததைப் பார்த்தால், இடம் கிடைக்காதவர்களே பாக்கியசாலிகள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே நம் தோழர்கள் சிலர் சிரிக்கக்கூடும். ‘சீமான்களுக்கு வெந்நீர் வரவில்லையாம், அதற்கு ஒரு கட்டுரையா?’ என்று கேட்கக்கூடும். நாம் சிரிக்கவில்லை. அந்தக் கப்பலில் ஏறியவர்கள் எல்லாரும் கோடீசுவரர்கள் அல்லர். அட்லாண்டிக் பயணம் என்பது வாழ்நாள் எல்லாம் சேர்த்துவைத்து, ஓய்வு பெற்றபின் மனைவியோடு ஒரு தடவை போய்வருவோம் என்று போகிற மனிதர்களும் உள்ள பயணம். கொடுத்த காசுக்குச் சரக்கு கேட்பது கடைத்தெருவில் நாம் அன்றாடம் செய்கிற காரியம். படியில் குறைத்தால் அரிசிக் கடைக்காரனிடம் சண்டை போடுகிற நாம், அவர்கள் சண்டை போட்டதைக் குறைசொல்ல முடியுமா?

போட்டார்கள் சண்டை! நடுக்கடலில் கூடிப் பேசினார்கள். குறைகளைத் திரட்டினார்கள். கப்பல் நியூயார்க் சேர்ந்ததும் பத்திரிகைக்காரர்களும் படம் எடுப்பவர்களும் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். இறங்கியவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் கொட்டித் தீர்த்தார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை கப்பலுக்குள் புகுந்து சோதித்து, தீப்பிடித்தால் ஆபத்து உண்டாக்கும் நிலைமைகளைச் சுட்டிக்காட்டி, அவை சரியாகும்வரை கப்பலை நிறுத்திவைத்தது. வழக்கும் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு தீரவில்லை. இழப்பீட்டுக்குக் கம்பெனி மில்லியன் கணக்கான பவுன்களை எடுத்து வைக்க நேர்ந்தது. கப்பலைச் சில வாரம் கரையில் நிறுத்தியிருந்தால் இவ்வளவு போயிருக்குமா?

குனார்டின் எசமானர்களாக அப்போது இருந்தது டிரஃபால்கர் ஹவுஸ் என்ற கம்பெனி. 1996-இல் அந்தக் கம்பெனியையே நார்வேக்காரர்கள் வாங்கினார்கள். 1998-இல் குனார்டு அமெரிக்காவின் கார்னிவல் கம்பெனி கைக்கு மாறியது. ‘இங்கிலாந்தின் பெருமை’ சந்தையில் கைமாறிய கதை அது.

அந்தப் பயணத்தை எண்ணும்போது நமக்குத் தோன்றுவது வேறொன்று. வெந்நீர் வராத பயணி யாரிடம் போய்க் கோபித்திருப்பார்? இலண்டனில் இருந்த தலைவரிடமா? அறையைக் கூட்டுகிறவரிடம், தேநீர் கொண்டுவந்தவரிடம், ஏணிமேல் நின்று திருகாணி முடுக்கியவரிடம்! தேதியைக் குறித்தது அவர்கள் அல்லர். தூக்கம் கெட்டவர் பயணி மட்டும் அல்லர். அந்தச் சுத்தியலைப் பிடித்தவரும் அதே இரவில் விழித்திருந்தவர்தானே!

வேலை முடியாமல் கிளம்புவது இந்தக் கப்பலுக்குப் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. இது ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரையில், கிளைடுபாங்க் ஊரில், ஜான் பிரவுன் பட்டறையில் பிறந்த கப்பல். 1967 செப்டம்பர் 20-இல் அரசியே வந்து தண்ணீரில் இறக்கினார். 1968 டிசம்பரில் வெள்ளோட்டம் விட்டபோது அறைகள் அரைகுறை. தொழிலாளர்கள் உள்ளேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதோடு நீராவிச் சுழலியில் கோளாறும் கண்டது. ‘சரியாகும்வரை கப்பலை ஏற்கமாட்டோம்’ என்று குனார்டின் தலைவர் சர் பேசில் ஸ்மால்பீஸ் திருப்பிவிட்டார். ஆராய்ந்து பார்த்ததில் சுழலித் தகடுகளை வரைந்த கணக்கிலேயே பிசகு என்று தெரிந்தது. உலையில் வெந்தவன் பிழையல்ல. காகிதத்தில் கோடு போட்டவர் பிழை. அதைச் சரிசெய்து, 1969 மே 2-ஆம் நாள்தான் கப்பல் முதற்பயணம் புறப்பட்டது.

கவனியுங்கள்: 1969-இல் கம்பெனி வாங்குகிற இடத்தில் இருந்தது, குறையுள்ள சரக்கை ஏற்கமாட்டேன் என்றது. 1994-இல் அதே கம்பெனி விற்கிற இடத்தில் இருந்தது. குறையோடு ஏறிக்கொள் என்றது.

அந்தக் கப்பலைக் கட்டிய கைகள் என்ன ஆயின? ஜான் பிரவுன் உட்பட ஐந்து பட்டறைகளை 1968-இல் ஒன்றாக்கி ‘அப்பர் கிளைடு’ என்று பெயர் வைத்தார்கள். மூன்றே ஆண்டில், 1971-இல், கையில் வேலை இருந்தும் கடன் கிடைக்காமல் திவால். ஹீத் அமைச்சரவை கைவிரித்தது. ஆயிரக்கணக்கானவர் தெருவுக்கு வருவார்கள் என்ற நிலை. ஜிம்மி ரீட், ஜிம்மி ஏர்லி முதலான தொழிலாளர் தலைவர்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கவில்லை. நேர்மாறாக, ‘நாங்கள் வேலை செய்வோம், யார் வந்து தடுப்பது பார்க்கிறோம்’ என்று பட்டறைக்குள்ளேயே நின்று கப்பல்களைக் கட்டினார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களும் காலையில் வந்து வாயிலில் நுழைந்தார்கள். குடியும் ரகளையும் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே கட்டளை போட்டுக்கொண்டார்கள். 1972-இல் அமைச்சரவை இறங்கிவந்து பணம் ஒதுக்கியது. கிளைடுபாங்க் பட்டறை அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய், கப்பலுக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைச் செய்தது. அதனால்தான் அந்தக் கப்பலுக்கு 1986-87-இல் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் எந்திரங்கள் ஒன்பது பொருத்த வேண்டி வந்தபோது, ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குப் போக நேர்ந்தது. பெற்ற ஊரில் மருத்துவம் பார்க்க ஆள் இல்லை!

கிளைட் நதி என்றதும் ஒரு செய்தி. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைச் சுமந்துபோன ‘ராஜூலா’வும் அந்த நதியின் பிள்ளைதான், 1926-இல் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் பட்டறையில் கட்டியது. மேல்தளத்தில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் போன ஆயிரமாயிரம் பேரிடம் ‘ஐயா, கழிப்பிடம் எப்படி, சோறு எப்படி?’ என்று அபிப்பிராயம் கேட்டவர் உண்டா? அந்தக் கப்பலில் போய்வந்த பெரியவர் எவரேனும் வீட்டில் இருந்தால் கேட்டுப்பாருங்கள்.

சரி, பாடம் படித்தார்களா? குனார்டின் அடுத்த பெருங்கப்பல் ‘குயீன் மேரி 2’. 2016-இல் அதைப் புதுப்பிக்க அதே ஹாம்பர்க், அதே பட்டறை. அவகாசம் 25 நாள். செலவு 90 மில்லியன் பவுனுக்கு மேல். இம்முறை முன்கூட்டியே திட்டமிட்டு, வேலையைப் பகிர்ந்து, நேரத்துக்கு முடித்தார்கள், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தனியாக வரும் பயணிக்கென்று 15 அறைகள் புதிதாக வைத்தார்கள். அதற்குமுன் தனி ஆள் போனால் இருவர் அறைக்கு இருவர் கட்டணத்தை ஒட்டிக் கொடுக்க வேண்டும். கைம்பெண்ணும் ஒண்டிக்கட்டையும் கட்டிவந்த தண்டம் அது. அதைக் கேட்டுப் பெற்றார்கள் என்றால் நாம் கைதட்டுவோம். பகுதி பகுதியாய்ப் பிரிந்துகிடந்து, தட்டைக் கையில் ஏந்தியவர் வழிதெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த பெரிய உணவுக்கூடத்தையும் திறந்து விரித்தார்கள். அதுவும் பயணிகள் நெடுநாள் முணுமுணுத்த குறைதான்.

ஆனால் நடுக்கூடத்தின் கண்ணாடி லிஃப்டுகளை எடுத்ததற்கு வருந்தியவர் உண்டு. பழகிய மண்டபம் மறைந்ததே என்று பெருமூச்சு விட்டவர் உண்டு. கம்பளத்தின் நிறத்தைப் பற்றி வாதாடியவர் உண்டு. அடிக்கடி போகிறவருக்குக் கப்பல் சொந்த வீடுபோல ஆகிவிடுகிறது. திண்ணையை இடித்துவிட்டார்களே என்ற ஏக்கம் அது. அதையும் நாம் குறைசொல்லோம்.

நாய்களுக்கும் குறை வைக்கவில்லை! 12 கூண்டுகள் இருந்தது 22 ஆயிற்று. அவை காலைத் தூக்க வசதியாக இங்கிலாந்து நாய்க்கு ஒரு விளக்குக் கம்பம், அமெரிக்க நாய்க்குத் தீயணைப்புக் குழாய்த் தூண் ஒன்று, இரண்டும் மேல்தளத்தில் நட்டார்கள். சொந்த நாட்டு ஞாபகம் வரவேண்டுமாம்!

நாயின் நாட்டுப்பற்றை இப்படிப் போற்றிய கம்பெனி, தன் நாட்டுக்கொடி விஷயத்தில் என்ன செய்தது? 1840 முதல் இங்கிலாந்தில் பதிவாகி வந்த கம்பெனியின் கப்பல்கள், 171 ஆண்டுகளுக்குப் பின், 2011-இல் பெர்முடாத் தீவுக்குப் பதிவை மாற்றிக்கொண்டன. சவுத்தாம்ப்டன் என்று எழுதியிருந்த பின்புறத்தில் ஹாமில்டன் என்று எழுதினார்கள். கடலிலேயே கல்யாணம் செய்துவைக்க அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த ஆண்டுதான் வெளிநாட்டு மாலுமிகளுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் வழக்கத்தின்மேல் இங்கிலாந்தில் புதிய விதிகள் வந்தன. இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை மாலுமிகள் சங்கத்தார் கவனிக்காமல் விடவில்லை. நாமும் விடவில்லை.

‘குயீன் மேரி 2’ பிரான்சில் சேன் நசேர் துறைமுகத்தில் கட்டப்பட்டது. 2003 நவம்பர் 15, ஒரு சனிக்கிழமை. கப்பல் முடியும் தறுவாய். கட்டிய தொழிலாளர்கள் தங்கள் பெண்டு பிள்ளைகளை, பெற்றோரை, ‘வா, நான் செய்த வேலையைப் பார்’ என்று அழைத்துவந்தார்கள். கரையிலிருந்து கப்பலுக்குப் போக முந்தின நாள் போட்ட நடைபாலம் அவர்கள் பாரத்தோடு முறிந்து, உலர்ந்த துறையின் அடித்தளத்தில் விழுந்தது. 16 பேர் மாண்டார்கள். பலர் காயமடைந்தார்கள். 2008-இல் பிரெஞ்சு நீதிமன்றம் பட்டறையையும் பாலம் போட்ட கம்பெனியையும் குற்றவாளிகள் என்று தீர்த்து அபராதம் விதித்தது.

2004 ஜனவரியில் அரசி வந்து கப்பலுக்குப் பெயர் சூட்டினார். முதற்பயணம் குறித்த தேதியில் கிளம்பியது.

பழைய கப்பல் இப்போது எங்கே? 2008-இல் துபாய்க்காரர்கள் கைக்குப் போயிற்று. பத்தாண்டு சும்மா நின்றது. 2018-இல் துறைமுகத்தில் கட்டிவைத்தபடியே விடுதியாகத் திறந்தார்கள். நகராத அந்தக் கப்பலில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் இன்று குழாயைத் திருகுகிறார்கள், தண்ணீர் வருகிறது.