கலெக்டர் கையெழுத்துப் போட்டால் பஞ்சாயத்து கலைந்துவிடுமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இரு மருங்கும் தொழிற்சாலைகள். கார் செய்யும் ஆலை, கண்ணாடி ஆலை, டயர் ஆலை, செல்போன் ஆலை என்று சுற்றுவட்டாரம் முழுவதும் புகையும் சங்கொலியுமாக இருக்கிறது. ஆலையின் பெயர்ப் பலகையில் வெளிநாட்டுப் பெயர் இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் எரியும் தெருவிளக்கும், குழாயில் வரும் தண்ணீரும், அள்ள வேண்டிய குப்பையும் இன்னமும் ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்புத்தான்.

அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஊராட்சி எல்லைக்குள் வேலை பார்ப்பவரின் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொழில் வரி பிடிக்கிறார்களே, அது அந்தப் பஞ்சாயத்துக்குப் போகிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் இந்த வரியை வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. ஆயிரம் பேர் அந்த உச்ச வரியைக் கட்டுவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்! வீட்டு வரி தனி.

பணம் புழங்கும் இடத்தில் புகாருக்குக் கேட்க வேண்டுமா? "நம்ம பஞ்சாயத்தை சஸ்பெண்டு பண்ணிட்டாங்களாம்" என்று டீக்கடையில் பேச்சு அடிபடும். விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் தலைவரின் செக் கையெழுத்து அதிகாரத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பஞ்சாயத்துப் பணம் வெளியே வரும். இருவருக்கும் ஒத்துப் போகாவிட்டாலோ, கணக்கில் கோளாறு என்று புகார் வந்தாலோ, கலெக்டர் தலையிட்டு அந்த அதிகாரத்தை வேறொரு அதிகாரியிடம் கொடுப்பது உண்டு. அதனால் தலைவர் பதவி போய்விடாது. பஞ்சாயத்தும் கலைந்துவிடாது.

தாசில்தார் வாய் திறக்கக் கூடாது!

தலைவரையே நீக்க வேண்டுமானால் 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவுக்குப் போக வேண்டும். பஞ்சாயத்து விஷயங்களில் ஜில்லா கலெக்டருக்கு 'ஆய்வாளர்' என்று பெயர். அவர் தாமாகவும் நடவடிக்கை எடுக்கலாம். மெம்பர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டு, குற்றச்சாட்டுகளை எழுதி, இரண்டு மெம்பர்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எடுக்கலாம். தலைவர் வேண்டுமென்றே சட்டத்தை மீறினார் அல்லது அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தார் என்று தோன்றினால் முதலில் நோட்டீஸ். அதற்குத் தலைவர் எழுத்து மூலம் பதில் தர வேண்டும்.

பதில் திருப்தி இல்லை என்றாலும் கலெக்டர் உடனே நீக்கிவிட முடியாது. விஷயம் தாசில்தாரிடம் போகும். அவர் ஏழு நாட்களுக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து மெம்பர்களைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அவரே தலைமை. ஆனால் தலைமை வகிக்கிறவருக்கு ஒரு வாய்ப்பூட்டு! நோட்டீசையும் பதிலையும் படிக்கலாமே தவிர, யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஓட்டும் கிடையாது. மெம்பர்கள் சொன்னதைக் குறித்து அனுப்ப வேண்டியதுதான் அவர் வேலை. அதைப் பரிசீலித்த பிறகே கலெக்டர் தலைவரை நீக்கலாம், அல்லது விஷயத்தைக் கைவிடலாம். நீக்கப்பட்டவர் சர்க்காருக்கு அப்பீல் செய்யலாம். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்தாலும் ஐகோர்ட்டில் உத்தரவு நிற்பது கஷ்டம்.

இதே காஞ்சிபுரம் ஜில்லாவின் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கணக்குக் காட்டாமல் போன வாரிய உறுப்பினரின் பெயரை மட்டுமல்ல, அவருடைய உறவினர் பெயரைக்கூடக் குடத்தில் போடக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்துச் சட்டம் உறவினரையும் விடவில்லை!

ஆறு மாதக் கெடு

தலைவரை நீக்குவது வேறு, பஞ்சாயத்தையே கலைப்பது வேறு. கலைப்பது என்றால் எல்லா மெம்பர்களும் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கும் காரணத்தைச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டு, கெஜட்டில் அறிவிக்க வேண்டும். கலைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு மிச்சமுள்ள காலம்தான். அந்த மிச்சம் ஆறு மாதத்துக்கும் குறைவானால் மட்டும் இடைத் தேர்தல் அவசியம் இல்லை.

இந்தக் கெடு 1993-ல் அமுலுக்கு வந்த 73, 74-வது திருத்தங்களால் வந்தது. அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதற்குச் சென்னை மாநகராட்சியே சாட்சி. மஸ்டர் ரோல் ஊழல் புகாரை அடுத்து 1973-ல் கலைக்கப்பட்ட கவுன்சில் மறுபடி கூடியது 1996-ல். இடைப்பட்ட 23 ஆண்டுகளும் அதிகாரிகள் ஆட்சிதான். 1973-ல் பிறந்த குழந்தை, ஓட்டுரிமை வயதைத் தாண்டிய பிறகே முதல் மாநகராட்சித் தேர்தலைப் பார்த்தது.

கலைக்காமலே ஐந்து ஆண்டு

கதவைச் சட்டம் பூட்டிவிட்டது. ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் யாரும் எந்தப் பஞ்சாயத்தையும் கலைக்கவில்லை. ஆனாலும் 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தே கிடையாது!

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பை, இட ஒதுக்கீட்டு வழக்கில் 4-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அதே மாதம் பதவிக் காலம் முடிந்தது. தனி அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் காலத்தை ஆறு ஆறு மாதமாகச் சட்டசபை நீட்டிக்கொண்டே போயிற்று. ஆறு மாதக் கெடு, ஆறு மாத நீட்டிப்பாக மாறிய வேடிக்கை இது. பல ஊர்களின் பொறுப்பு ஒரே வட்டார வளர்ச்சி அதிகாரியின் தலையில் விழுந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து இல்லை என்று நிதிக் கமிஷன் மானியத்திலும் ஒரு பகுதியை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. தொழில் வரி மட்டும் நிற்கவில்லை.

2019 டிசம்பரில் 27 ஜில்லாக்களில் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரத்துக்கு அப்போதும் யோகம் இல்லை. நான்கு பழைய ஜில்லாக்களை ஒன்பதாகப் பிரித்திருந்ததால், அங்கெல்லாம் வார்டுகளை மறுவரையறை செய்த பிறகே தேர்தல் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கொடுத்த அவகாசம் நான்கு மாதம். தேர்தல் நடந்ததோ 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சி 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தது.

வார்டு பிரிப்பைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது, ஐந்தாண்டு முடிவதற்குள் நடத்திவிட வேண்டும் என்று 2006-லேயே ஆமதாபாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆனால் தவறினால் யாருக்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. தலைவர் ஒரு செக்கைத் தவறாக எழுதினால் நோட்டீஸ், தாசில்தார், கூட்டம் எல்லாம் உண்டு. தேர்தலையே மறந்தவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க எந்தப் பிரிவும் இல்லை.

2019-ல் தேர்தல் நடந்த 27 ஜில்லாக்களில் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, மறுபடியும் தனி அதிகாரிகள் வந்தார்கள். காஞ்சிபுரம் ஜில்லாவில் 2021-ல் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டுக் கணக்கு 2026 அக்டோபரில் நிறைகிறது.