உயிர் போகாத கணிப்பொறி

பொத்தானை அழுத்துகிறோம். மின்விசிறி சுழல்கிறது. திரையிலோ கருமை, மேல் மூலையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று ஒரு வரி. "போச்சுப்பா, ஃபார்மட்தான் பண்ணணும்" என்று ஒரு குரல் எழும். அக்குரலுக்குச் செவிசாய்க்குமுன் நண்பர்கள் இதைப் படிக்க வேண்டுமென்பது என் ஆசை.

கணிப்பொறி விழித்ததும் தனக்கோர் இயங்குதளம் இருப்பதையே அறியாது. பழைய முறைப் பொறிகள் வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அதிலும் நிரலுக்குரிய இடம் 446 பைட்டுகளே. அவ்வளவு சிறிய இடத்தில் என்ன எழுத முடியும்? "அடுத்த பகுதி அங்கே இருக்கிறது, போய்ப் பார்" என்று மட்டுந்தான். கோப்புகள் எந்தப் பிரிவில் உள்ளன என்பதை அந்த அடுத்த பகுதி குறித்து வைத்திருக்கும். இவ்வேலையைச் செய்வதே கிரப் என்னும் தொடக்க ஏற்றி. 1995-இல் எரிக் போலின் என்பவர் இதனை எழுதத் தொடங்கினார்.

எங்கள் துறை ஆய்வகப் பொறி ஒன்றில் வெறுமையாயிருந்த ஐந்தாம் பிரிவை யாரோ நீக்கிவிட்டார்கள். ஆறாம் பிரிவு நகர்ந்து ஐந்தாயிற்று. கிரப் வழக்கம்போல் ஆறைத் தேடி, அப்படியொரு பிரிவு இல்லை என்று நின்றுவிட்டது. கதவெண் மாறினால் தபால்காரர் திரும்பிப் போவார். அதற்காக வீட்டை இடிப்பார்களா? உள்ளே மூன்றாமாண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் எழுதிய செயல்திட்டங்கள் இருந்தன. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோர் வீட்டில் கணிப்பொறி ஏது? அந்த வட்டுதான் எங்கள் நோட்டுப்புத்தகம்.

மருத்துவம் எளிது. உபுண்டு பதிந்த பென்டிரைவிலிருந்து பொறியைத் துவக்க வேண்டும். லினக்ஸ் இருக்கும் பிரிவை 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை காட்டும். பழுது பார்க்குமுன் அதிலுள்ள முக்கியக் கோப்புகளை வேறொரு பென்டிரைவில் நகலெடுத்துவிடுவது என் வழக்கம். பிறகு அப்பிரிவை 'மவுண்ட்' கட்டளையால் எம்என்டி என்ற அடைவில் இணைத்து, டெவ், பிராக், சிஸ் மூன்றையும் அதனுள் இணைத்து, 'சிஎச்ரூட்' கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரவல் அமைப்பின் துணைகொண்டு படுத்திருக்கும் அமைப்புக்குள்ளேயே நுழைந்துவிடுகிறோம். இனி அதன் சொந்தக் கருவிகளே அதைப் பழுது பார்க்கும்!

அடுத்து 'கிரப்-இன்ஸ்டால்'. இதற்குப் பிரிவின் பெயரைத் தரலாகாது. எண் சேர்க்காமல் முழு வட்டின் பெயரைத் தரவேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். கடைசியாக 'அப்டேட்-கிரப்' கொடுத்தால் இயங்குதளப் பட்டியல் புதிதாக எழுதப்படும்.

யுஇஎஃப்ஐ முறையிலான புதுப் பொறிகளில் அந்த 446 பைட்டுக் கதை கிடையாது. ஏற்றி தனிப் பிரிவொன்றில் கோப்பாகவே இருக்கும். அங்கே பென்டிரைவையும் அதே முறையில் துவக்கி, அந்தப் பிரிவையும் சேர்த்து இணைத்த பிறகே 'கிரப்-இன்ஸ்டால்' கொடுக்க வேண்டும்.