மலைக்கு அப்பால் பிறை

ரமளானின் தலைப்பிறையைத் தேடுவோர் மேற்கு வானத்தையே நோக்குவர். காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் மேற்கே சமவெளி. மொட்டைமாடியில் ஏறி நின்றால் போதும். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி மக்களின் நிலை அதுவன்று. அவர்களுடைய மேற்கை மலைத்தொடர் அடைத்து நிற்கின்றது. அடிவானில் தாழ்ந்து தோன்றும் தலைப்பிறை பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் மறைந்துவிடும். இங்கோ, அதற்கு முன்பே மலை அதனை மறைத்துவிடுகின்றது.

சாரல் காலமாயின் மேகமும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிடுகின்றது. ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால், எஞ்சிய ஈரம் அவ்வழியே நுழைந்து ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரலாகத் தூவுகின்றது. வடக்கே புளியங்குடி நோக்கி வர வரத் தூறல் குறைந்து காற்றே மிஞ்சும்.

மேகம் மறைத்தால் மாதத்தை முப்பது நாளாக நிறைவு செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். எவ்வளவு எளிய தீர்வு! ஆயினும் தம் ஊரில் கண்ட பிறையே வேண்டும் என்பார் சிலர்; தலைமைக் காஜியின் அறிவிப்பை ஏற்பார் பலர்; வானியல் கணக்கையோ சவூதியையோ பின்பற்றுவாரும் உளர். விளைவு, ஒரே தெருவில் இரண்டு பெருநாட்கள். தாய்வீட்டில் பெருநாளும் புகுந்த வீட்டில் நோன்புமாக இருந்தால், இடையில் நிற்கும் பெண் என்ன செய்வாள்? இருபத்தொன்பதாம் பிறையன்று இரவு, பெருநாள் நெய்ச்சோற்றுக்கு ஆயத்தம் செய்வதா, ஸஹருக்கு உலை வைப்பதா என்று தெரியாமல் அடுப்படியில் காத்திருப்பவளும் அவளே. ஆய்வாளர்கள் ஆய்ந்துகொண்டிருக்கட்டும், ஒரு ஜமாஅத்துக்குள் ஒரு நாள் என்பதே என் விருப்பம்.

நம் ஹிஜ்ரி ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆகவே ஏறத்தாழ 33 ஆண்டுகளில் நம் பெருநாட்கள் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகின்றன. 2015, 2016ஆம் ஆண்டுகளில் நோன்பு ஜூனில், சாரலோடு தொடங்கிற்று. இப்பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலான வேறுபாடே உண்டு. ஆயினும் சாரலில் தாகம் குறைந்து பசி மிகும். விறகு நனைந்து, கஞ்சிக் கொப்பரையின் அடியில் புகைதான் எழும். 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் வந்தது ஹஜ்ஜுப் பெருநாள். ஈரக் காற்றில் குர்பானித் தோல் விரைவில் கெடும். தாமதியாமல் உப்பிட வேண்டும். ஒரு காலத்தில் மதரஸாக்களுக்கு வருவாய் தந்த அத்தோலின் விலையோ உப்புச் செலவுக்கே போதாத அளவுக்குச் சரிந்துவிட்டது. இது எங்களைப் போன்றோரின் கவலை, இருக்கட்டும்.

கடையத்திற்கு அருகிலுள்ள பொட்டல்புதூர் முஹ்யித்தீன் ஆண்டவர் பள்ளிவாசலின் கந்தூரியும் இவ்வாறே பருவந்தோறும் நகர்கின்றது. ரபீஉல் ஆகிர் மாதத்தில் நிகழும் அது 2024, 2025 ஆண்டுகளில் அக்டோபரில், வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்தது. கோயில்களைப் போன்ற கட்டடக் கலையில் எழுந்த அவ்விடத்திற்கு இந்துச் சகோதரர்களும் திரளாக வருவர். கந்தூரி குறித்து நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே கிளற வேண்டா.

புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது; 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வூர்ச் சந்தையிலிருந்து கேரளத்திற்கு மூட்டை மூட்டையாகப் பழம் செல்கின்றது. கோடையில் காய்ப்புக் குறைந்து விலை ஏறும்; மழைக்காலத்தில் பழம் மலிந்து விலை வீழும். 2022இல் நோன்பு ஏப்ரலில் வந்தபோது, நாட்டின் பல இடங்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயையும் கடந்தது. தோட்டக்காரருக்கு அது நல்ல ஆண்டு. நோன்பு திறக்கச் சர்பத் கலக்கும் ஏழைத் தாய்க்கோ ஒரு பழத்தை இரண்டு நாட்களுக்குப் பங்கிட வேண்டிய ஆண்டு. ஒரே ஊரில் இருவருமே நம் அண்டைவீட்டார்.

இனி ரமளான் கோடையை விட்டு விலகிச் செல்கின்றது. 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் மற்றொன்றுமாக இரண்டு ரமளான்கள் தொடங்கும். தோட்டக்காரருக்கு நோன்புக்கால விலையேற்றம் அப்போது அரிதாகலாம். அந்தத் தாயின் குவளைக்கு முழுப் பழமும் கிடைக்கலாம். பிறையைத் தேடுவோருக்கு மட்டும் மேற்கே அதே மலைதான்.