வீடு மாறும் நாள் கேட்கும் கேள்வி

வீட்டுப் பொருள்களைக் குறிக்க அரபு மொழியில் வழங்கும் சொற்களுள் இரண்டு சிந்திக்கத் தக்கவை. ஒன்று ‘அஸாஸ்’. அடர்ந்து பெருகுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது இச்சொல். மற்றொன்று ‘மதாஉ’. சிறிது காலம் துய்த்துப் பயன்பெறும் பொருள் என்பது இதன் கருத்து. முன்னது பொருளின் பெருக்கத்தையும் பின்னது அதன் பயனையும் நிலையாமையையும் சுட்டுகின்றன. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 80ஆம் வசனம் இவ்விரு சொற்களையும் இணைத்தே பேசுகிறது. வீடு அமைதி பெறுவதற்குரிய இடம். தோற்கூடாரங்கள் புறப்படும் நாளிலும் தங்கும் நாளிலும் சுமக்க இலேசானவை. உரோமத்தினின்று கிடைக்கும் பொருள்கள் ஒரு காலம் வரைக்கும் உரியவை. இவையே அவ்வசனம் தரும் செய்திகள். இடம்பெயரும் நாளையும் கருத்தில் வைத்து இல்லத்தை நோக்கும் பார்வை இது.

நம் காலத்து இல்லங்களில் பொருள்கள் நுழைய வாசல் உண்டு. வெளியேற வாசல் இல்லை. திருமணச் சீராக வந்த பித்தளை அண்டாவும் எவர்சில்வர் குடங்களும் பரணில் ஏறி இருபதாண்டு உறங்குகின்றன. தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டி, ஓடாத மிக்ஸி, கால் ஒடிந்த நாற்காலி யாவும் ‘என்றேனும் உதவும்’ என்ற ஒரே காரணத்தால் உடன் தங்குகின்றன. வாடகை வீட்டின் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து, வாசலில் குட்டியானை வண்டி வந்து நிற்கும் நாளில்தான் அவை மீண்டும் நம் கைக்கு வருகின்றன. எதற்காக இதை வைத்திருந்தோம் என்ற கேள்வி அப்போது எழுகிறது. விடை தேட நேரமின்மையால் சிலர் அனைத்தையும் ஏற்றிச் செல்கின்றனர். சிலர் கண்ணை மூடிக்கொண்டு எறிந்துவிடுகின்றனர். முன்னதில் பழைய வீட்டின் பரண் புதிய வீட்டுக்குக் குடிபெயர்கிறது. பின்னதில் பயனுள்ளதும் குப்பைக்குப் போகிறது.

பொருளைத் துறத்தலுக்குத் தமிழகம் நன்கறிந்த ஊர் திருவண்ணாமலை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. எளிய வாழ்வை நாடி வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருவோர் பலர் இப்பாதையை அடுத்த ஊர்களில் சில திங்கள் வாடகைக்குத் தங்குகின்றனர். வரும்போது ஒரு பெட்டி, போகும்போதும் ஒரு பெட்டி. இடையில் வாங்கிய மெத்தையையும் அடுப்பையும் அடுத்து வருவோருக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ விட்டுச் செல்வோரும் உண்டு.

இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தோருள் ஒருவரான ரமண மகரிஷி, 1896 செப்டம்பர் 1 அன்று தம் பதினாறாம் வயதில் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தரப்பட்ட ஐந்து ரூபாயில், பயணத்துக்கு வேண்டும் என்று கருதிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்துடன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் அவர். வந்த அன்றே, மீந்த காசையும் வழியில் ஒரு வீட்டார் கொடுத்தனுப்பிய தின்பண்டத்தையும் அய்யங்குளத்தில் எறிந்து, வேட்டியைக் கிழித்துக் கோவணம் மட்டும் கொண்டார் என்று அவர் வரலாறு கூறும். 1924இல் அவர் ஆசிரமத்தில் புகுந்த திருடர்களுக்குக் கிடைத்தவை ஏறத்தாழப் பத்து ரூபாய் மதிப்புள்ள பொருள்களே.

இது துறவியின் வழி. மனைவி மக்களோடு வாழ்பவருக்கு இஸ்லாம் இவ்வழியை விதிக்கவில்லை. நோயுற்ற நிலையில் தம் செல்வத்தில் பெரும்பகுதியை அறத்துக்கு அளிக்க விரும்பிய ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு, நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அனுமதித்தார்கள். அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்துவதைவிட அவர்களைத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது நலம் என்றும் விளக்கினார்கள். ஆகவே, குளத்தில் எறிதலுக்கும் பரணில் ஏற்றுதலுக்கும் இடையே ஒரு நடுவழி குடும்பத்தாருக்கு வேண்டும். இப்பொருள் யாருக்கு உரியது, யாருக்குப் பயன்படும் என்ற இரு வினாக்களே அந்நடுவழி.

உரிமை பற்றிய வினா முதலில் வர வேண்டும். கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத் இதற்குச் சான்று. மக்கத்து மக்களுள் பலர் தம் பொருள்களை நபி (ஸல்) அவர்களிடமே அமானிதமாக ஒப்படைத்திருந்தனர். உயிருக்கே ஆபத்து சூழ்ந்த அவ்வேளையிலும், அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்தி, அவற்றை உரியவரிடம் சேர்ப்பித்த பின்னரே புறப்பட்டு வருமாறு நபியவர்கள் பணித்தார்கள். வீடு மாறுவோர் மூட்டை கட்டுமுன் செய்ய வேண்டியதும் இதுவே. இரவல் வாங்கிய நூல், பக்கத்து வீட்டுத் தூக்குச்சட்டி, ஜமாஅத்துக்குச் சொந்தமான சஹன், உறவினர் நம்பி வைத்த பத்திரம் ஆகியவை முதலில் உரியவரிடம் திரும்ப வேண்டும்.

அடுத்தது பயன். கணவனுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. நான்காவது ஷைத்தானுக்கு உரியது என்னும் கருத்துடைய நபிமொழியை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். விருந்தினருக்கென ஒரு படுக்கையை ஏற்றுக்கொண்டிருப்பது இங்கே கருதத் தக்கது. எளிமை என்பது வெறுமை அன்று. பயன்படுவோர் எவரும் இல்லாத பொருளே கண்டனத்துக்கு உள்ளாகிறது. 107ஆம் அத்தியாயம் ‘மாஊன்’ என்ற சொல்லால் முடிகிறது. இதற்கு ஸகாத் என்றும், சட்டி, வாளி, கோடரி போன்று அண்டை வீட்டார் இரவல் கேட்கும் சிறு பொருள்கள் என்றும் விரிவுரையாளர்கள் பொருள் தந்துள்ளனர். ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் தேக்சாவை வீடுதோறும் வாங்கி அடுக்குவதைவிட, மஹல்லாவுக்கென ஒரு தொகுதி பாத்திரம் வைத்து எல்லாரும் எடுத்தாள்வது மேலானது. நம் ஊர்கள் பலவற்றில் ஜமாஅத்துகள் இவ்வாறு செய்து வருகின்றன.

எஞ்சியதைக் கொடுத்துவிடுகிறோம் என்போர் ஒன்றைக் கருத வேண்டும். தாம் வாங்க நேர்ந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வாங்கக்கூடிய மட்டமான பொருளை அறமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயம் 267ஆம் வசனம் எச்சரிக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்து இறங்கின. கிழிந்தவையும் அழுக்கானவையும் அவற்றுள் மிகுதி. வீடிழந்து நின்ற மீனவ மக்கள் பலர் அவற்றைத் தொடவில்லை. துணிகள் சாலையோரங்களில் குவிந்து மட்கின. கொடுத்தோர் வீடு சுத்தமாயிற்று. பெற்றோர் மானம் புண்பட்டது. துவைத்து மடித்த துணியும், பழுது நீக்கிய மின்விசிறியும், முழுப் பக்கங்களுடைய பாடநூலும் மட்டுமே கொடைக்குத் தகுதியானவை. ஏனையவை பழைய இரும்புக்கும் காகிதத்துக்கும் உரியவை. பழைய மின்கலங்களையும் செல்பேசிகளையும் நெருப்பிலிடாமல் மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் சேர்ப்பதும் நம் கடமை.

ஒரு மூட்டையை மட்டும் அவசரத்தில் தொட வேண்டாம். பாட்டனார் அலமாரியில் இருக்கும் பழைய கிதாபுகளே அவை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அரபுத் தமிழில் இயற்றிய நூல்களும், கையெழுத்துப் படிகளும், பைத்து ஏடுகளும் அவற்றுள் இருக்கக்கூடும். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாத இளைய தலைமுறைக்கு அவை வெறும் பழங்காகிதம். எடைக்குப் போன ஏடு திரும்புவதில்லை. எனவே, படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும். அரபிக் கல்லூரி நூலகங்களில் அவற்றை ஒப்படைக்கலாம். சிதைந்துபோன குர்ஆன் தாள்களைத் தூய இடத்தில் அடக்கம் செய்யலாம்.

ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் இறுதி நோயில் அழுதார்கள் என ஓர் அறிவிப்பு உண்டு. பயணி ஒருவனுக்குப் போதுமான அளவோடு வாழும்படி நபியவர்கள் தம்மிடம் வாக்குறுதி வாங்கியிருக்க, அதை மீறிவிட்டோமோ என்று அஞ்சியே அழுததாக அவர்கள் கூறினார்கள். அவர்கள் விட்டுச் சென்றவையோ சில பாத்திரங்களும் சொற்பத் திர்ஹங்களும்தாம். வீடு மாறும் நாளில் நாம் அடுக்கும் பெட்டிகளை எண்ணிப் பார்க்க இவ்வறிவிப்பு போதும். நாம் பிரிக்காமல் விடும் பரணை நமக்குப் பின் நம் பிள்ளைகள் பிரிக்க நேரிடும். எது அமானிதம், எது கிதாபு, எது குப்பை என்று அவர்களுக்குச் சொல்ல அன்று நாம் இருக்கமாட்டோம்.